சித்தியின் பழுப்புக் கைப்பை

என் சித்திக்குச் சுருக்கமாகப் பேச வராது. மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் பஸ்ஸில் கைப்பையைத் தொலைத்துவிட்டாள். சித்தப்பாவின் காது மெஷின் அதற்குள்தான் இருந்தது. பேட்டரி மாற்ற எடுத்துப் போயிருந்தாள். அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

பஸ் கம்பெனியில் தொலைந்த பொருள்களுக்கான கம்ப்யூட்டர் பதிவை நான்தான் கவனிக்கிறேன். "ஆன்லைன்ல புகார் போடு சித்தி, நிமிஷத்துல தேடித் தரும்" என்று பெரிதாக அளந்திருந்தேன். அதுவோ அவள் புகாரைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது. கடைசியில் அவளே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். யாரும் கேட்டு வராத பைகளை ஏற்றிப்போக அன்று சாயங்காலம் லாரி வருகிறது. அவசரமாகக் கம்ப்யூட்டரில் காரணத்தைத் தேடினேன்.

காரணம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சீக்கிரம் தேடுவதற்காகப் பொருளின் வர்ணனைக்கு இன்டெக்ஸ் போட்டிருந்தேன். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரிதான் அது. அதில் ஒரு பதிவு இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று டேட்டாபேஸில் வரம்பு உண்டு. மீறினால் புகாரே உள்ளே போகாது. நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் 'கறுப்புக் குடை'யை வைத்து. தமிழ் எழுத்து வேறு ஆங்கில எழுத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கும். சித்தி எழுதியிருந்ததோ இரண்டு பக்கம்.

"இவங்களை அன்னைக்கே டெஸ்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"சித்தி, பழுப்புக் கைப்பைன்னு மட்டும் போட்டாப் போதாதா?"

"எதை விடச் சொல்றே? அவர் காதே அதுலதான் இருக்கு."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வரம்பை மறந்தது நான், வாயை மூடச் சொல்வது அவளையா?

பழைய இன்டெக்ஸைத் தூக்கிவிட்டு, வர்ணனையின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி புதிதாக ஒன்று போட்டேன். முழு வர்ணனையும் புகாரில் அப்படியே இருக்கும். நல்லவேளை, பையின் நிறத்தை முதல் வரியிலேயே சொல்லியிருந்தாள். புகார் உள்ளே போனது. தேடினால், கிடங்கில் ஒரு ரேக் நிறையப் பழுப்புக் கைப்பைகள்.

கிடங்குக்காரர் சித்தியின் இரண்டு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, ரேக் முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். ஜிப் மூலையில் பச்சை நூல் தையல், உள்ளே பல் உடைந்த சீப்பு. வெளியே லாரி ஹாரன் அடித்தது. பை அவர் கையில் இருந்தது. "மீதியையும் படிச்சுட்டுத் தர்றேம்மா, நல்லா இருக்கு" என்றார். சித்திக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் சித்தப்பா மெஷினை மாட்டிக்கொண்டார். நேரே டிவியைப் போடுவார் என்று நினைத்தேன். சித்தி அலைந்து களைத்திருந்தாள். "பை கிடைச்சிடுச்சு" என்றாள், அவ்வளவுதான்.

அவர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பஸ் ஏறினதுலேருந்து சொல்லு."