சவுக்கு ஊசியும் கோன் ஃபில்டரும்

ஞானம்மாள் மெஸ்ஸில் நண்டு வாங்க ஒரே ஒரு சோதனைதான். சாக்கைப் பிரித்துத் தரையில் கொட்டுவார்கள். காலை ஆட்டும் நண்டு சமையற்கட்டுக்குப் போகும். ஆட்டாதது சாக்குக்கே திரும்பும்.

செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது அந்த மெஸ். பதினைந்து நாள் கொண்டுவா, சரிப்பட்டால் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஞானம்மாள் சொன்ன பேச்சில், தேவனேரி குப்பத்துப் பானுமதி தினமும் காரில் நண்டு கொண்டுபோனாள். எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். மூன்று நாள் தவறினால் வேறு ஆள்.

கடல் நண்டு சேற்று நண்டு மாதிரி இரண்டு நாள் உயிரோடு கிடக்காது. கடல் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி வைத்தாலும் இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. அவள் கணவன் சடையனின் படகு கரை ஏற ஆறு மணி ஆகும். கால் ஒடியாமல் வலையிலிருந்து நண்டைப் பிரிக்க முக்கால் மணி நேரம். பிறகு மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம். கணக்கில் கால்மணி மிச்சம் இருந்தது. கார் ஒழுங்காக இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இழுக்கவில்லை. பதினோரு வருஷத்து டீசல் கார். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்தலாம் என்று மிதித்த பிறகும் யோசித்து யோசித்துத்தான் நகரும். நான்காம் நாள் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு செங்கல் லாரியை முந்த முடியாமல் ஆறு கிலோமீட்டர் அதன் பின்னாலேயே போனாள். மெஸ் வாசலில் நின்றபோது எட்டு பத்து. பாதி நண்டு சாக்கோடு திரும்பியது.

அன்று மாலையே சூர்யா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். சடையனின் தம்பி. கோவளத்தில் கார் அலங்காரச் சாமான் கடையில் வேலை பார்க்கிறவன்.

"அண்ணி, ஒன் வண்டிக்கு மூக்கடைப்பு. கம்பெனிக்காரன் வச்ச டப்பா அது. இத்த மாட்டிப் பாரு, பறக்கும்."

பெட்டிக்குள், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டக் கூம்பு வடிவில் ஒரு ஃபில்டர். சிவப்பு வலை, தலையில் பளபளவென்று ஒரு மூடி. கோன் ஃபில்டர் என்றான். காரில் ஏற்கெனவே இருந்த காற்றுப்பெட்டியை, உள்ளே தாள் ஃபில்டர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை, குழாயோடு கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூம்பை மாட்டினான். அரைமணி வேலை.

பானுமதி ஓட்டிப் பார்த்தாள். மிதித்தால் கார் புஸ்ஸென்று மூச்சை இழுத்து உறுமியது. லாரியை முந்தினாள். மறுநாள் ஏழு ஐம்பதுக்கு மெஸ்ஸில் இருந்தாள்.

"சத்தம் கேட்டே நீதான்னு தெரிஞ்சுதும்மா" என்றார் ஞானம்மாள். "தெருமுனைல திரும்பும்போதே சட்டிய அடுப்புல ஏத்திட்டேன்."

நான்கு நாள் அப்படி ஓடியது. ஒன்பதாம் நாள் காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கார் திக்கித் திக்கிப் போனது. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏறினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஒரு வெட்டு. எட்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஞானம்மாள் திட்டவில்லை. இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டாச்சு" என்றார்.

பானுமதி நேராக ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஜெபகுமாரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் ஜெபகுமார். எதைக் கழற்றினாலும் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் மாட்ட மாட்டார். அவசரக்காரர்கள் அவரிடம் போகவே பயப்படுவார்கள்.

வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பிறகு காற்றுக் குழாயிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார்.

"இங்க பாருங்க. இன்னா தெரியுது?"

"பிசுக்கா கீது."

"ஆயிலு. இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். இந்தத் தகடு சூடாவே இருக்கும். காத்து இது மேல பட்டுக்கினு போனா ஆறும். ஆற ஆற, திரும்பச் சூடாக்கக் கரண்டு போவும். எத்தினி கரண்டு போச்சோ அத்த வச்சு, உள்ள எத்தினி காத்து போவுதுன்னு கம்ப்யூட்டரு கண்டுபிடிக்குது. காத்துக்கு ஏத்த மாதிரி டீசல் விடும். இப்ப ஆயிலு பூசிகினு உட்காந்துகிது. காத்து போறதே இதுக்குத் தெர்ல. காத்து கம்மின்னு நெனச்சு டீசலையும் கொறச்சுடுது."

மழைக்கோட்டு போட்டவனிடம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்பது மாதிரி, என்று பானுமதி நினைத்துக்கொண்டாள்.

"ஆயிலு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஜெபகுமார் கோன் ஃபில்டரைத் தொட்டு விரலைக் காட்டினார். சொட்டச் சொட்ட எண்ணெய். "இது காஞ்சே இருக்க வேண்டிய ஃபில்டரு. யாரோ குளிப்பாட்டி வுட்டிருக்காங்க."

யார் என்று பானுமதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குப்பத்தில் எந்தப் படகு கரை ஏறினாலும் முதல் வேலை, மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவி மேலெல்லாம் ஆயில் அடிப்பது. ஒருநாள் விட்டால் உப்பு தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் சடையனைக் கேட்டாள்.

"ஆமா, நான்தான் அடிச்சேன்" என்றான் அவன், தவறு செய்தவன் மாதிரியே இல்லாமல். "தெறந்து பாத்தேன். மூடி இல்ல, ஒண்ணுமில்ல, அம்மணமா ஒக்காந்துகினு இருந்துச்சு. கடக்காத்து ஒரே வாரத்துல துன்னுடும். தெனமும் சாயங்காலம் ரெண்டு ரவுண்டு அடிச்சேன்."

"தெனமுமா?"

"மோட்டாருக்கு அடிக்கிறப்ப அப்படியே இதுக்கும்."

அவள் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் உட்கார்ந்தாள். இந்தக் கார் வந்த நாளிலிருந்து அவன் அதை ஒருமுறைகூட ஓட்டியதில்லை. ஆனால் படகுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தான்.

சூர்யா போனில் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப தப்பு ஆயில்து அண்ணி, ஃபில்டருது இல்ல. அண்ணாத்த பண்ண வேலைக்கு என் சாமான் இன்னா பண்ணும்? சென்சாரக் கழுவியாச்சு, ஃபில்டரக் காய வச்சாச்சு. அப்படியே ஓட்டு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பானுமதிக்குச் சங்கடம். இன்னும் ஆறு நாள் பாக்கி. ஒரு தடவைகூடத் தவற முடியாது. கூம்பை வைத்துக்கொள்வதா, பழைய பெட்டிக்குத் திரும்புவதா? குருட்டாம்போக்கில் ஒன்றைப் போட்டுப் பார்க்க அவளிடம் நேரமில்லை.

"சொல்லிகினே இருந்தா ஆவாது" என்றார் ஜெபகுமார் மறுநாள். "அளந்து பாத்துடலாம். பழைய பாக்ஸ் எங்க?"

பழைய பெட்டி படகுக் கொட்டகையில் தொங்கியது. நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற டப்பா வேறு எங்கே கிடைக்கும் என்று சடையன் அதில் வலை ஊசியும் நைலான் நூலும் போட்டு வைத்திருந்தான். மனசில்லாமல்தான் கொட்டிக் கொடுத்தான்.

ஜெபகுமார் அதைத் தலைகீழாகத் தட்டினார். ஒரு கைப்பிடி மணல் விழுந்தது. காற்று நுழையும் குழாயின் வாய்க்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு இழுத்தார். பழுப்பு நிறத்தில் பொதிபொதியாக வந்தது: சவுக்கு ஊசி, அந்த மரத்திலிருந்து உதிரும் ஊசி இலை. நிழலுக்காகப் பானுமதி தினமும் கார் நிறுத்துவது சவுக்குத் தோப்பு ஓரத்தில்தான்.

"அய்யோ" என்றாள்.

"இதான் மூக்கடைப்பு" என்றார் ஜெபகுமார். "ஒரு லிட்டர் டீசல் எரியக் கொறஞ்சது பத்தாயிரம் லிட்டர் காத்து வேணும். பெரிய டிரம்முல அம்பது டிரம். அத்தினியும் இந்த ஓட்டை வழியாத்தான் போவணும். நீங்க அத வைக்கோல் போட்டு அடைச்சு வச்சிருந்தீங்க."

பதினோராம் நாள் பிற்பகல், திருக்கழுக்குன்றம் சாலையில் நேராகக் கிடக்கும் ஓர் இடத்தில் சோதனை. பானுமதி ஓட்டினாள். பக்கத்தில் ஜெபகுமார், மடியில் ஸ்கேனர், கையில் போன். பின்சீட்டில் சூர்யா, யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள. மூன்றாம் கியரில் நாற்பதிலிருந்து எண்பதுக்கு எத்தனை நொடி என்பதுதான் கேள்வி. முதலில் கழுவிக் காயவைத்த கூம்பு, மூன்று தடவை. பிறகு ஓரமாக நிறுத்தி, சுத்தம் செய்த பழைய பெட்டியில் புதுத் தாள் ஃபில்டர் போட்டு, மூன்று தடவை.

கூம்பு: பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்கால், பன்னிரண்டரை.

பெட்டி: பன்னிரண்டே கால், பன்னிரண்டரை, பன்னிரண்டு.

"இன்னொரு தபா" என்றான் சூர்யா. இன்னொரு தடவையும் அதேதான்.

"ஆனா கோன் போட்டப்ப வேகமா போன மாதிரி இருந்துச்சே" என்றாள் பானுமதி.

"காதுக்கு. கண்ண மூடிகினு கேட்டா நூறு கிலோமீட்டர் ஸ்பீடுல போற மாதிரி இருக்கும். முள்ளப் பாத்தா எழுபது." ஜெபகுமார் ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே போகும் காற்றின் சூட்டை அது குறித்து வைத்திருந்தது. பெட்டியில் முப்பத்தேழு டிகிரி. கூம்பில் ஐம்பத்தாறு. "பாக்ஸோட மூக்கு பம்பர் பக்கம் நீட்டிகினு இருக்கு, வெளிக்காத்த இழுக்குது. கோன் எஞ்சின் பக்கத்துல ஒக்காந்து அடுப்புக் காத்த இழுக்குது. சூட்டுக் காத்து லேசு. அதே டிரம்முல கொஞ்சம்தான் அடங்கும்."

சூர்யா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப அன்னிக்கு எப்படிண்ணா லாரிய முந்திச்சு? அண்ணி பொய் சொல்லிச்சா?"

"பொய் இல்ல. அன்னிக்கு வித்தியாசம் நெசம்தான். அடைச்ச பாக்ஸுக்கு கோன் தேவலாம். சுத்தமான பாக்ஸுக்கு கோன் தேவையில்ல. ரேஸ் எஞ்சினு, காத்த அமுக்கி உள்ள தள்ற பெரிய டர்போ, கம்ப்யூட்டர்ல மாத்தி எழுதுனதுன்னா வேற கதை. நண்டு ஏத்துற வண்டிக்கு இன்னாத்துக்கு?"

"கடைல இத்த வாங்க வர்ற பசங்க கிட்ட இதெல்லாம் சொன்னா ஓனர் என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு" என்றான் சூர்யா. கூம்பைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் காலையில் நீரோட்டம் மாறி, சடையன் கரை ஏறும்போது ஆறரை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அரைமணியில் நண்டைப் பிரித்து, பானுமதி கிளம்பும்போது மணி ஏழு. மிச்சக் கால்மணி கரையிலேயே போய்விட்டது. தாமதம் கொஞ்சம் ஆனாலும் ஞானம்மாளின் மூன்றாவது விரல்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்னால் அதே மாதிரி ஒரு செங்கல் லாரி. எதிரில் வந்த பேருந்து போகட்டும் என்று காத்திருந்தாள். பாதை தெளிந்ததும் கியரை இறக்கி மிதித்தாள். உறுமல் இல்லை, புஸ்ஸும் இல்லை. சத்தம் இல்லாததால் கார் நகரவில்லை என்றே ஒரு நொடி தோன்றியது. முள்ளைப் பார்த்தாள். எழுபது, எழுபத்தைந்து. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் லாரி சின்னதாகிக்கொண்டே போனது.

மெஸ் வாசலில் நிறுத்தி மணி பார்த்தாள். ஏழு ஐம்பத்தெட்டு. வாசலில் யாருமில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஞானம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா, அந்தப் பொண்ணு வரல போலருக்கு, சத்தமே காணோம். நீ நாளைலேர்ந்து..." திரும்பியவர் சாக்கைப் பார்த்தார்.

பானுமதி சாக்கைத் தரையில் கொட்டினாள். நண்டுகள் நாலாபக்கமும் ஓடின. ஒன்று ஞானம்மாளின் சேலை முனையைக் கவ்விக்கொண்டது.

"அட, வுடு சனியனே" என்று அதை உதறிவிட்டு, போனில், "வேணாம்யா. வெச்சுடு" என்றார். பிறகு பானுமதியைப் பார்த்தார். "வண்டிக்கு இன்னாம்மா ஆச்சு? பூனை மாதிரி வந்து நிக்கிற. சட்டி இன்னும் காயவே இல்ல."

"நாளைலேர்ந்து தெருமுனைல ஹாரன் அடிக்கிறேம்மா."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது கார் வழக்கமான இடத்தில் நிற்க முடியாதபடி, தோப்பு ஓரத்தில் சடையன் இரண்டு கொம்பு நட்டு வலை கட்டியிருந்தான். காரை வெயில் பக்கம் நிறுத்தச் சொன்னான். நிறுத்தியதும் பானெட்டைத் தூக்கினான். கையில் ஆயில் கேன்.

பானுமதி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "எங்க அடிக்கப் போற?"

"இங்கதான்" என்று பானெட்டின் கீலைக் காட்டினான். "இதுக்காவது அடிக்கலாமா?"

இரண்டு கீலுக்கும் அடிக்கலாம் என்றாள். பூட்டுக்கும் அடிக்கச் சொன்னாள்.