சோதனைக் கம்பி

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் சந்தேகராணி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். ஒரே வீட்டில் இருப்பது போதாதென்று வேலையிலும் என் தலையிலேயே விடிந்தாள். பழைய குண்டுகள் புதைந்த நிலத்தின் மேல் அவள் ட்ரோன் விடுவாள். அதில் தொங்கும் காந்த உணரி மண்ணுக்குள் இருக்கும் இரும்பைக் காட்டும். காட்டிய இடத்தைத் தோண்டுவது நான்.

உணரி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் ஒரு சாண் இரும்புக் கம்பியைப் புதைத்து வைப்போம். சோதித்து முடித்த நிலத்தில்தான் புதைக்க வேண்டும். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சோதித்த நிலத்தைச் சுற்றிக் கட்டிய எல்லை நாடாவுக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் மர நிழல். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கேயே புதைத்து, குதிகாலால் நாலு மிதி மிதித்துவிட்டு வந்தேன்.

ட்ரோன் இறங்கியதும் கம்பியை எடுக்க மண்வெட்டியோடு போனேன். நாடாவைத் தாண்டியபோது வாக்கிடாக்கி அலறியது.

"அண்ணி, நில்லுங்க! கம்பிய எங்க பொதச்சீங்க?"

"வழக்கமான இடத்துலதான்."

"அங்க ஒண்ணுமே காட்டல. மரத்தடியிலதான் காட்டுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரிடியம்மா, நிழலுக்காக அங்க வச்சேன். இப்ப என்ன? எடுத்துட்டு வந்துடறேன்."

"ஒரு சாண் கம்பிக்கு இவ்ளோ பெருசா காட்டாது அண்ணி. கீழ வேற என்னமோ இருக்கு. கால் வச்ச தடத்துலயே திரும்பி வாங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் குரல் நடுங்கியது. அதற்காகத்தான் திரும்பினேன், விதியை மதித்து அல்ல.

குழுவில் மற்றவர்கள் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். என் கம்பிக்கு நாலு விரல் கீழே துருவேறிய பீரங்கிக் குண்டு படுத்திருந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். வண்டியின் மறைவில் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தேகம் நூறாண்டு வாழட்டும்.

வீட்டில் முதல் தட்டை அவளுக்கு வைத்தேன்.

"இன்னைக்கு என்ன, தங்கச்சிக்கு இவ்ளோ மரியாதை?" என்றார் என் கணவர்.

"அவ இல்லேன்னா, இன்னைக்கு உங்க தட்ட நீங்களேதான் போட்டுக்கணும்."

சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.