இஸ்திரி போட்ட எண்

போன வருடம் ஓட்டப் பந்தயத்தில் பாலத்து ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கடைசியில் வரும் வேன் என்னை அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. மறுநாளே சலவைக்கூடத்தில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: வேன் அக்கா. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மலைமலையாகத் தேய்க்கிறவள் நான். கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருக்கும்போதே என்னை அப்படிக் கூப்பிட்டார்கள் என்றால் அவர்கள் துணிச்சலைப் பாருங்கள்.

அந்தப் பெயரை ஒழித்துக்கட்டத்தான் இந்த வருடமும் ஓட வந்தேன். ஓடி முடித்தவர்களின் பெயரைப் பலகையில் போடுவார்கள். என் பெயர் கடைசியில் வந்தாலும் சரி, படம் எடுத்துச் சலவைக்கூடக் கதவில் ஒட்டுவதாக இருந்தேன்.

நெஞ்சில் குத்திக்கொள்ள ஓர் எண் அட்டை கொடுத்தார்கள். துணி மாதிரி இருந்தது, கசங்கியும் இருந்தது. கசங்கியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. பெட்டியைச் சூடாக்கி, பின்பக்கம் திருப்பிப் போட்டு ஓர் இழுப்பு. மொடமொடவென்று ஆகிவிட்டது.

"ஓடப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே ரப்பர் பாய் விரித்திருந்தார்கள். மிதிக்கிற ஒவ்வொருவருக்கும் இயந்திரம் 'பீப்' என்றது. எனக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. புறப்பட்ட இடத்திலும் இதே மாதிரிப் பாயைக் கூட்டத்தோடு கூட்டமாக மிதித்ததால் இது தெரியாமல் போயிருக்கிறது. திரும்பி வந்து மறுபடி மிதித்தேன். ஊஹூம்.

பாய்க்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒட்டியிருந்த பட்டை உருகிச் சுருண்டு கிடந்தது.

"என்னம்மா பண்ணீங்க இத?"

"இஸ்திரி போட்டேன்."

அவர் சிரிப்பை அடக்கக்கூடப் பார்க்கவில்லை. "ஓடுறதக் கணக்கெடுக்கிற சிப்பு இதுலதான் இருந்துச்சு, செத்துப்போச்சும்மா. இனி ஓடினாலும் ஓடாத கணக்குதான், பேர் வராது. கையால எழுதிக்கிற வழக்கமும் இல்ல. பேசாம வேன்ல ஏறிக்குங்க."

வேனாம் வேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கையாலேயே என் பெயரைத் தேய்த்து அழித்திருக்கிறேனே. அந்த ஆத்திரத்திலேயே ஓடினேன்.

பாலத்துக்கு வந்ததும் ஆத்திரம் தீர்ந்துபோய் வலி மட்டும் மிஞ்சியது. தொடை இழுத்துப் பிடித்தது. வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. அதே டிரைவர்.

"அக்கா, போன வருசமும் இங்கதான ஏறுனீங்க? கதவத் திறக்கட்டா?"

"கதவு இருக்கட்டும், வாயச் சாத்தத் தெரியாதா உனக்கு?"

ஏற்றத்தின் உச்சியைப் பார்த்ததுதான் போன வருடம் நான் செய்த தப்பு. தேய்க்கிற மேசையில் யாரும் குவியலைப் பார்ப்பதில்லை. பார்க்கிற புது ஆள் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவாள். மேலே இருக்கிற போர்வையை எடு, தேய், மடி, அடுத்ததை எடு. அப்படியே செய்தேன். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஒரு போர்வை. அதற்கடுத்த கம்பம் இன்னொன்று. 'பேரும் வராது, எதுக்குடி இந்தப் பாடு?' என்றது கால். 'பேர் வராட்டி போகட்டும், நீ என் கால்தானே, நட' என்றேன். நடந்தது. பிறகு, முனகிக்கொண்டே ஓடியது. இறக்கம் வந்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

முடிவுக் கோட்டில் பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"விரிங்க!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். விரித்தார்கள்.

ஏறி நின்றேன். இயந்திரம் கம்மென்றிருந்தது. அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து நானே அடித்தொண்டையில் கத்தினேன்:

"பீப்!"

கோட்டருகே காத்திருந்த வீட்டுக்காரர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனால், ஒருத்தி செல்போனில் பந்தயப் பலகையின் படத்தை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரே காணோமே, வேன் அக்கா?"

உருகிய அட்டையைக் கதவில் ஆணி வைத்து அடித்துக்கொண்டே சொன்னேன்:

"வேன் டிரைவரப் போய்க் கேளு. எனக்கு அப்புறம் வந்து சேந்தது அவன்தான்."