மாண்புமிகு மெத்தை

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராவிட்டால் மன்னித்துவிடுவார்கள். கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருந்தாலும் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். ஆனால் ஒருவன் பந்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான் என்று தெரிந்தால் தீர்ந்தது. ஏதோ கொலைக் குற்றம் செய்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒரு தோல் உருண்டைக்குள் காற்றை அடைத்து, அதன் பின்னால் இருபத்திரண்டு தடியர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடுவதில் அப்படி என்ன ஒழுக்கம் வந்துவிடும் என்று அவன் ஒருமுறை பி.டி. மாஸ்டரிடமே கேட்டுவிட்டான். அவர் விசிலை ஊதி, மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். அந்த மனிதருக்கு எந்தக் கேள்விக்கும் விசில்தான் பதில்.

அவன் பத்தாம் வகுப்பு. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். இந்தக் 'கொஞ்சம்' அவன் கணக்கு. அம்மாவைக் கேட்டால், பையன் நாளுக்கு நாள் துரும்பாக இளைத்துக்கொண்டே போகிறான் என்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் மெத்தை. வைத்தவன் கால்பந்துக் குழுவின் கேப்டன். மூக்குக்குக் கீழே நாலு பூனைமுடி அரும்பிய நாளிலிருந்து கால் தரையில் பாவாமல் நடக்கிற ஜந்து. உயரம் தாண்டும் இடத்தில் போட்டிருந்த மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. "இவன் இருக்கும்போது மெத்தை எதுக்கு சார்? படுக்கப் போடுங்க" என்றான் கேப்டன். மாஸ்டர் அவனைக் கண்டித்திருக்கலாம். குறைந்தபட்சம் விசிலாவது ஊதியிருக்கலாம். அவரோ தொப்பை குலுங்கச் சிரித்தார். வாத்தியாரே சிரித்த பிறகு யாருக்கு என்ன பயம்? அன்று அவனை மணலில் படுக்கப் போட்டு, கேப்டனின் வால்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து மேலே விழுந்தார்கள். எழுந்தபோது அவன் வாயெல்லாம் மணல்.

அதற்குப் பிறகு வராந்தாவில் நடந்தால் எவனாவது கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து அவன் மேல் சாய்வான். "தூக்கம் வருதுடா மெத்தை, கொஞ்சம் நில்லு" என்பான். மறுபக்கம் இன்னொருவன் சாய்வான். அவன் நிற்பான். நகர்ந்தால் சாய்ந்தவன் கீழே விழுவான், விழுந்தால் இவன் முதுகில் அடி விழும். மூளை முழங்காலில் இருக்கிற இந்தக் கூட்டத்திடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். 

இதில் பெரிய கேலிக்கூத்து ஒன்று உண்டு. அவன் அம்மா கோப்பைக்கும் பாத்திரத்துக்கும் பெயர் வெட்டுகிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. அப்பா லாரியோடு கிளம்பினால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. கடை முழுக்க அம்மா கையில்தான். அலமாரி நிறைய கோப்பைகள் தகதகவென்று மின்னும். எல்லாம் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக அடிப்பீடத்துக்குள் சிமெண்டைக் குழைத்து அடைப்பார்கள். அடைப்பது அவன் வேலை, பசை போட்டு ஒட்டுவதும் அவன் வேலை. ஜெயித்த மாவீரர்கள் கண்ணீர் மல்க முத்தம் கொடுக்கிற இடத்தில் முந்தின நாள் அவன் எச்சில் தொட்டு விரல் ரேகையைத் துடைத்திருப்பான். வெற்றி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்து வேலையும் அம்மாவிடமே வந்து சேர்ந்தது. மாஸ்டர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். "என் பையனும் உங்க ஸ்கூல்தான் சார்" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, "அப்படியா, சந்தோஷம்" என்றாராம். எந்தப் பையன், என்ன பெயர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழா அன்று அவர் மானமாவது மிஞ்சியிருக்கும்.

அவன் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாடா, இதைப் பாரேன். உங்க ஸ்கூல்ல யாருடா இது?"

உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கோப்பை. அதில் அம்மாவின் முத்துமுத்தான எழுத்தில் வெட்டியிருந்தது: 'மாண்புமிகு மெத்தை அவர்களுக்கு'.

அவன் புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றான்.

"மாண்புமிகு மெத்தையாம்! மந்திரி மாதிரி!" அம்மாவுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒற்றுமை ஓட்டம்னு ஒண்ணு இருக்காமே. அதுல கடைசியா வர்றவனுக்காம். ஓட்டமே இன்னும் நடக்கலியே சார், அதுக்குள்ள எப்படிப் பேரு வெட்டறதுன்னு கேட்டேன். அதெல்லாம் தெரிஞ்ச கழுதைதாம்மா, நீங்க வெட்டுங்கன்னாரு. உனக்குத் தெரியுமாடா அவனை?"

"தெரியும். ஒருத்தன்."

"ரொம்ப குண்டா?"

"ஆமா."

"பாவம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எழுத்தின் மேல் ஊதித் தூசியைத் தட்டினாள். தட்டும்போது மறுபடியும் களுக்கென்று சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. நாளெல்லாம் குனிந்து ஊரார் பெயரை வெட்டிக் கழுத்து ஒடிகிறவளுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது, சிரித்தாள். ஆனால் கேப்டனும் அவன் வால்களும் வருஷம் முழுக்கச் சிரித்தது வலித்ததைவிட இந்த ஒரு சிரிப்பு அவனுக்கு அதிகமாக வலித்தது. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

ஒற்றுமை ஓட்டம் என்பது ஹெட்மாஸ்டரின் மூளையில் உதித்த மகத்தான யோசனை. பத்தாம் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. கடைசிப் பையன் கோட்டைத் தொடும்வரை ஓட்டம் முடியாது, பரிசளிப்பும் தொடங்காது. "இங்கே யாரையும் நாம் பின்னால் விட்டுவிட மாட்டோம்" என்று மைக்கில் தழுதழுப்பார் ஹெட்மாஸ்டர். பின்னால் விட மாட்டார்களாம்! கடைசியாக வருகிறவனைப் பள்ளிக்கூடமே எழுந்து நின்று கைதட்டிக் கேலி செய்து, மேடையேற்றி, கோப்பையைக் கையில் கொடுத்து, இன்னொரு முறை சிரிக்கும். அதற்குப் பெயர் ஒற்றுமை.

அவனுக்கு இப்போது ஒரே ஒரு கவலைதான். அந்த மெத்தை தான்தான் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், தான் சிரித்த சிரிப்பை நினைத்து நினைத்தே அவள் செத்துப் பிழைப்பாள். "கோப்பையெல்லாம் ஆட்டோவுல அனுப்பிடும்மா, நீ எதுக்கு வெயில்ல?" என்று சொல்லிப் பார்த்தான். "நல்லா இருக்குடா நீ சொல்றது! என் பிள்ளை ஓடறதை நான் பாக்க வேண்டாமா?" என்றாள். ஜுரம் என்று படுத்துப் பார்த்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை உருவினாள்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி. கடைசியாக வரக்கூடாது. போட்டி என்றாலே குமட்டுகிறவன், யாரோ ஒருவனையாவது முந்தியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. தன் நிலைமையை நினைத்து அவனுக்கே கேவலமாக இருந்தது.

விளையாட்டு விழா அன்று பந்தலுக்குக் கீழே நீளமான மேஜை, அதில் கோப்பைகள், பக்கத்தில் நல்ல புடவை கட்டிக்கொண்டு அம்மா. மேடையில் சிறப்பு விருந்தினர், ஒரு பெரிய துணிக்கடை முதலாளி. வந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

விசில் ஒலித்தது. அவன் ஓடினான். கேலி இல்லை, உண்மையாகவே ஓடினான். முதல் சுற்றில் அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள்: ஒருவன் காலில் புதுச் செருப்புக் கடித்த புண்ணோடு நொண்டிக்கொண்டு வந்தான், இன்னொருவனுக்கு எப்போதும் இருமல். இந்த இரண்டு பாவப்பட்டவர்களையும் தோற்கடித்துக்கொண்டு அவன் மூச்சிரைக்க ஓடினான். அம்மா மேஜையிலிருந்து எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

இரண்டாம் சுற்றின் பாதியில் கேப்டன் ஒரு சுற்று முந்திக்கொண்டு அவனைத் தாண்டினான். தாண்டியவன் சும்மா போயிருக்கலாம். அதற்கெல்லாம் நல்ல வளர்ப்பு வேண்டும். பின்னால் திரும்பி ஓடியபடியே, இரண்டு கையையும் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து, "மெத்தை! மெத்தை!" என்று தாளம் போட்டான். கூட்டம் பிடித்துக்கொண்டது. பெஞ்சுகளைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். மாஸ்டரும் மைக்கை இழுத்து, அவனைக் கைகாட்டி, "மாண்புமிகு மெத்தை அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்!" என்றார்.

அவன் பந்தலைப் பார்த்தான். அம்மாவின் கை காற்றில் அப்படியே நின்றுவிட்டது. மெல்ல அதைக் கீழே இறக்கினாள்.

அவ்வளவுதான். எதை மறைக்க ஓடினானோ அது போய்விட்டது. இனி எதற்கு ஓட வேண்டும்? நின்றான். நெற்றி வியர்வையை வழித்து உதறினான். பிறகு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவன்போல் நடக்க ஆரம்பித்தான். நொண்டியவன் முந்தினான், இருமியவன் முந்தினான். போகட்டும்.

முதலில் கூட்டம் இன்னும் குஷியாகச் சிரித்தது. மற்றவர்கள் எல்லோரும் முடித்து, தண்ணீர் குடித்து, சட்டையும் மாற்றிவிட்டார்கள். அவனுக்கு இன்னும் ஒரு சுற்றுக்கு மேல் பாக்கி. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததும் கூட்டம் அடங்கியது. வெயில் ஏறியது. சிறப்பு விருந்தினர் ஹெட்மாஸ்டரின் காதில் ஏதோ கேட்டார். ஹெட்மாஸ்டர் கையைப் பிசைந்தார். கடைசிப் பையன் வராமல் பரிசளிப்பு கிடையாது என்று இப்போதுதான் மைக்கில் உருகி உருகிப் பேசியிருந்தார்; உடனே அதை மாற்றிச் சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வார்? மாஸ்டர் விசிலை ஊதினார். அவன் நடந்தான். மறுபடி ஊதினார். அவன் நின்று, ஒரு காகம் பறந்து போவதைப் பார்த்துவிட்டு நடந்தான். "டேய், சீக்கிரம் வாடா, கப் வாங்கணும்டா!" என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்தினான். சிமெண்டு அடைத்த பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு அவசரமா என்று அவனுக்கு இருந்தது.

கடைசிச் சுற்றில் அம்மா எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தாள். மாஸ்டர் "அம்மா, அம்மா, பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது" என்று ஓடி வந்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் வந்து அவன் பக்கத்தில் நடந்தாள். 

"எத்தனை நாளாடா?"

"ஒரு வருஷமா."

"எங்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"ஸ்கூல்ல நடக்கறதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்னு பாத்தேன்."

"அன்னிக்குக் கேட்டேனே. கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு யாருடா இதுன்னு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ சிரிச்சியேம்மா."

அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை.  அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது.

முடிவுக் கோடு வந்தது. அவன் கால் எடுத்து வைக்கப் போனபோது அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ போ முதல்ல" என்று அவனை முன்னால் தள்ளினாள். அவன் கோட்டைத் தாண்டினான். அவள் அங்கேயே நின்று, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, மேடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மூஞ்சியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு தாண்டினாள்.

"கடைசியா வந்தது நான்தான் சார்" என்றாள் மாஸ்டரிடம். "அந்தக் கோப்பை எனக்கு."

மாஸ்டர் இளித்தார். "அம்மா, உங்க பையன்னு தெரியாதும்மா. எல்லாம் சும்மா தமாஷுக்குத்தான்..."

"தெரிஞ்சிருந்தா வேற யாரோ பெத்த பிள்ளைக்குக் குடுத்திருப்பீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே பேரு வெட்டிக் குடுத்திருப்பேன். வெட்டினவளும் நான்தான், முதல்ல சிரிச்சவளும் நான்தான். என்னைவிட்டா அதுக்கு யாரு சார் தகுதி?"

மேஜைக்குப் போய்க் குட்டிக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு மேடையோரம் வந்தாள். எப்போது கிளம்பலாம் என்று காத்திருந்த சிறப்பு விருந்தினர், கையில் கோப்பையோடு ஒருவர் வந்தால் என்ன செய்வாரோ அதையே பழக்கதோஷத்தில் செய்தார்: எழுந்து, கைகுலுக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் தன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இருவரும் பரிசளிப்புக்கு நிற்காமல் வெளியே வந்தார்கள். தெருமுனை தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"வேற என்னென்ன பேரு சொல்லிக் கூப்பிடறானுங்க?"

"எதுக்கும்மா?"

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

அவன் சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான். அதில் ஒன்று நிஜமாகவே நல்ல நகைச்சுவை. சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.