கழுவின காசு

வேளாங்கண்ணி போட்ட காசு திரும்பி வந்து தட்டில் விழுந்தது. எடுத்து மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது. பின்னால் குடத்தோடு நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். உள்ளங்கையால் அந்தத் தண்ணீர் மிசினின் நெற்றியில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது அசையவில்லை. வெறும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் போனாள்.

இது ஒருநாள் கூத்து அல்ல, தினமும் நடக்கிறது என்று அவள் மகள் ரெஜிஷாவுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு டெல்சிதான்.

ரெஜிஷா கோயம்புத்தூரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் முதலில் போனாள். குடும்பத்தில் முதல் டிகிரி, அதுவும் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயரிங். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் உட்காரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல், போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு, அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடுவதாகச் சொன்ன ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை.

"ஏட்டி, நீ வீட்டுக்குள்ள வெப்ராளப்பட்டு நடக்கிய. வெளிய ஒனக்க அம்மைக்க பாடு தெரியுமா?" என்றாள் டெல்சி. "இப்ப ஒருத்தியும் அவங்க கையிலேருந்து சில்லறை வாங்க மாட்டா. மீதிக் காசுக்குப் பதிலா ரெண்டு சாளை மீனு கூடப் போடுன்னு கேக்காளுவ. அவங்களும் போடுதாங்க."

"என்னத்துக்கு வாங்க மாட்டாளுவ?"

"கள்ளக் காசாம். மிசினே துப்பிருதுல்லா? ஆன்ட்ரூசு போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சி மைக்குல சொன்னாரு. மேலத்தெருவுல மீன் விக்க ஆளுகிட்ட சில்லறை வாங்கும்போ பாத்து வாங்குங்கன்னு."

மேலத்தெருவில் மீன் விற்கிற ஆள் ஒருத்திதான். பெயரைச் சொல்லாமல் சொல்வது எப்படி என்று ஆன்ட்ரூசுக்குத் தெரியும்.

ஊர்க் கிணறுகளில் எல்லாம் உப்பு ஏறிவிட்ட பிறகு பங்குக் கமிட்டி போட்ட மிசின் அது. சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில், நீல பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. அஞ்சு ரூபாய்க் காசு போட்டால் ஒரு குடம் நல்ல தண்ணீர். சாவி கமிட்டிப் பொருளாளர் ஆன்ட்ரூஸ் கையில். அவருக்குக் குருசடி எதிரில் பலசரக்குக் கடை. வீடும் அதை ஒட்டித்தான். மிசினுக்குக் காவல் இருப்பதுபோலவே அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பார்.

ரெஜிஷா போய் நின்றபோது அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தப் பெட்டியத் தெறங்க. என்ன கோளாறுன்னு நான் பாக்கேன்."

"நீயா?" தட்டில் இன்னொரு வெங்காயத்தைப் போட்டார். "கம்பெனிக்காரன் நாகர்கோவில்லேருந்து வருவான். அவன் வாறதுக்கு முன்ன கண்டவளும் கைய வெச்சா வாரண்டி போவும்."

"எங்க அம்மைக்க காசு நல்ல காசு."

"மிசினு ஆளு பாக்காது மக்கா. காசத்தான் பாக்கும். எனக்க காச எடுக்கு, டெல்சிக்க காச எடுக்கு. ஒனக்க அம்மைக்க காசு மட்டும் அதுக்க தொண்டையில முள்ளாட்டு குத்துதுன்னா நான் என்ன செய்ய?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பைவிட இன்னொன்று ரெஜிஷாவை எரித்தது. அவர் சொன்னது சரி. கல்லூரியில் கடைசி வருடம் இப்படி ஒரு பெட்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் பார்த்தவள் அவள். உள்ளே கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. காசு ஒரு சரிவில் உருண்டு வரும். பாதி வழியில் ஒரு காந்தம். இரும்புத் துண்டாக இருந்தால் காந்தம் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல காசைப் பிடிக்காது, ஆனால் ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அந்த மட்டான வேகத்தில் வருகிற காசு சரிவு முடிந்ததும் சரியான துளையில் போய் விழும், தண்ணீர் வரும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் குறி தப்பி, வெளித் தட்டுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான். அஞ்சு ரூபாய் அஞ்சு ரூபாயாக இருக்கிறவரை வேளாங்கண்ணியின் காசுக்கு ஒரு வேகம், ஆன்ட்ரூசின் காசுக்கு ஒரு வேகம் என்று இருக்க வழியே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் சுருக்குப்பையை அவிழ்த்தாள். அஞ்சு ரூபாய்க் காசுகளைத் தரையில் பரப்பி, புரட்டி, சுண்டி, சத்தம் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் நல்ல காசு. ஒன்றை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மிசினுக்குப் போனாள். போட்டாள்.

காசு உள்ளே போனது. தண்ணீர் கொட்டியது. குடம் கொண்டுபோக மறந்திருந்தாள். அவ்வளவு தண்ணீரும் காலில் விழுந்து மணலில் இறங்கியது.

எதிரே கடையிலிருந்து ஆன்ட்ரூஸ் கூப்பிட்டார். "பாத்தியா? நீ போட்டா எடுக்கு. அப்ப மிசினு நல்ல மிசினு. வீட்டுல போயி விசாரி."

நனைந்த காலோடு வீட்டுக்கு நடந்தாள். அந்த மனிதர் வாயில் மண்ணள்ளிப் போட வேண்டும்போல இருந்தது. ஆனால் நடக்க நடக்க அவர் சொன்ன சொல் அவளுக்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பையில் இருப்பது நல்ல காசு. மிசினில் போடுவது வேறு காசோ? மீன் ஏலக் கரையில் எவனாவது கள்ளக் காசைத் தள்ளிவிடச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கிறானோ? அப்பா கொல்லத்தில் படகில் கிடக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். தனியாக நிற்கிற பெண்ணை எதற்கும் வளைப்பார்கள்.

வேளாங்கண்ணி சருவத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அலுமினியச் சருவம், மீன் சுமந்து சுமந்து அடி வளைந்தது.

"எம்மா, உள்ளதச் சொல்லு. யாராவது ஒனக்கிட்ட காசு தந்து மாத்தச் சொன்னாவளா?"

வேளாங்கண்ணி நிமிர்ந்தாள். வாயில் நல்ல வசவு வைத்திருக்கிறவள். கரையில் ஏலக்காரனையே வாயடைக்கிறவள். அன்றைக்கு வசவு வரவில்லை.

"ஒன்னயப் படிக்க வெச்சதும் அந்தக் காசுதான்" என்றாள். "அப்ப மட்டும் நல்லாருந்திச்சா?"

சருவத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சோறு தின்னவில்லை. ரெஜிஷாவும் தின்னவில்லை.

விடியும் முன்பே வேளாங்கண்ணி கரைக்குக் கிளம்பினாள். ரெஜிஷா குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வள்ளங்கள் வந்திருந்தன. சாளை. வேளாங்கண்ணி கூவி, தள்ளி, திட்டி, ஒரு குவியலை ஏலத்தில் பிடித்தாள். மீதியாக வந்த காசுகளைச் சுருக்குப்பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அலை ஓரத்துக்குப் போய்க் குந்தினாள். ஈர மணலில் ஒரு பிடி அள்ளினாள். பாத்திரம் துலக்குவதுபோல ஒவ்வொரு காசையும் உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. வருகிற அலையில் முக்கி எடுத்து ஈரத்தோடு முந்தியில் முடிந்தாள்.

"எம்மா, என்னத்தச் செய்ய?"

"கண்ணு தெரியல்லியா? கழுவுதேன்."

"காசயா?"

"நீ கோயம்புத்தூருல கெடக்கும்போ ஆன்ட்ரூசு மைக்குல சொன்னாரு. மீன் கையோட காசு போடாதீங்க, மிசினு நாறுது, கழுவிப் போடுங்கன்னு."

"எல்லாரும் கழுவுதாவளா?"

"அவளுவளா? சேலையில ஒரு தொட தொடச்சிட்டுப் போடுவாளுவ." வேளாங்கண்ணி இன்னொரு காசை எடுத்துத் தேய்த்தாள். "நம்மளால நாறுதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது."

ரெஜிஷா அந்தக் காசைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரை, மணல் கறுப்பு. விளிம்பு வரிகளில், சிங்கத் தலைகளின் இடுக்கில், ஈரத்தோடு கறுப்பு மணி மணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையில் அவளும் டெல்சியும் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இதே கரையில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். திரும்பிப் பார்த்தால் காந்தத்துக்குத் தாடி முளைத்திருக்கும். யார் காந்தத்துக்கு நீளத் தாடி என்று சண்டை போடுவார்கள். இந்த ஊரில் அந்த விளையாட்டு விளையாடாத பிள்ளை கிடையாது.

முந்தின நாள் பையில் கிடந்தது காய்ந்த காசு. மணல் உதிர்ந்து போயிருந்தது. அதனால் உருண்டது.

"வா" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாளை கெடக்குட்டி!"

"சாளையோட வா!"

மிசின் முன்னால் வரிசை நின்றது. ஆனால் நகரவில்லை. டெல்சி காசு போட்டாள், தட்டில் விழுந்தது. இன்னொருத்தி போட்டாள், அதுவும் விழுந்தது. வேளாங்கண்ணி வருவதைப் பார்த்ததும் எல்லாரும் குடத்தை ஒதுக்கிக்கொண்டார்கள்.

ஆன்ட்ரூஸ் கடையிலிருந்து இறங்கி வந்தார். "இவ அடிச்ச அடியில மிசினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கும். தள்ளுங்க, நான் போடுதேன்." பையிலிருந்து பளபளவென்று ஒரு காசை எடுத்து, எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டுப் போட்டார்.

ணங்.

இன்னொரு காசு போட்டார். ணங்.

பக்கத்தில் வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்த ஏசுஅடிமைப் பாட்டாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஓய் ஆன்ட்ரூசு, உமக்க காசும் கள்ளக் காசா வோய்? அப்ப உம்ம கடையிலயும் பாத்துத்தான் சில்லறை வாங்கணும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆன்ட்ரூசின் காது சிவந்துவிட்டது.

"தெறங்க மாமா" என்றாள் ரெஜிஷா. "இல்லன்னா நான் கல்லெடுத்து உடைப்பேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்து, காசு உருளும் சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள் ரெஜிஷா. சரிவின் நடுவே காந்தம் இருந்த இடத்தில் கறுப்பாக, கொழுத்த கம்பளிப்பூச்சிபோல மணல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வழி பாதி அடைபட்டிருந்தது. ஈரம் காயாமல் பிசுபிசுத்தது.

"இதுல உரசித்தான் காசுக்க ஓட்டம் கொறையுது. அம்மைக்க காசு ஈரமும் மணலுமா வந்ததுனால மொதல்ல அது குறி தப்புச்சி. மணலு கூடக் கூட, இப்ப ஒங்க காசும் தப்புது."

ஆன்ட்ரூசுக்கு உடனே குரல் திரும்பிவிட்டது. "அப்படிச் சொல்லு! மணலக் கொண்டு கேற்றி மிசின நாசமாக்குனது ஒனக்க அம்மதான்!"

"கழுவச் சொன்னது யாரு?"

அவர் வாயைத் திறந்தார்.

"மைக்குல கழுவச் சொன்னது யாரு மாமா? இந்த ஊருல ஒங்க சொல்லுக்கு மதிப்புக் குடுத்து காசு கழுவுன ஒரே ஆளு எங்க அம்ம. சீலையில தொடச்சவளுவ எல்லாம் நல்லவளுவ. கழுவுனவ கள்ளி. அதயும் மைக்குலயே சொன்னீங்க."

"கழுவச் சொன்னா மணலப் போட்டா தேய்ப்பாவ? தண்ணியில..."

"நல்ல தண்ணிக்குத்தான வோய் இஞ்ச வந்து நிக்காளுவ" என்றார் ஏசுஅடிமைப் பாட்டா. "கடக்கரையில வேற எதுல துலக்குவாளுவ?"

யாரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மீதிக் காசு வேண்டாம் என்று கூடுதல் சாளை வாங்கித் தின்றவர்கள்.

ரெஜிஷா காந்தத்தில் இருந்த மணலை விரலால் வழித்தாள். போகாததை ஷாலின் நுனியால் துடைத்தாள். மூடியை மாட்டினாள். வேளாங்கண்ணி முந்தியை அவிழ்த்து ஒரு காசை எடுத்து, மிசினில் போடப் போனாள்.

"அது வேண்டாம். ஏலத்துல வாங்கினது கழுவாதது இருக்கா?"

மகள் கையைப் பிடித்து இழுத்ததில் கழுவாமல் விட்டது ஒன்று இருந்தது. மீன் வாடையோடு, ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. வேளாங்கண்ணி ஆன்ட்ரூசை ஒருமுறை பார்த்தாள். துடைக்கவில்லை. போட்டாள்.

காசு போன சத்தம் கேட்டது. குடத்தில் தண்ணீர் விழுந்தது.

"சரி, சரி" என்றார் ஆன்ட்ரூஸ். "ஞாயிற்றுக்கிழமை மைக்குல சொல்லிருதேன். மிசினுக்குச் சின்னக் கோளாறு, இப்ப சரியாச்சின்னு."

"மிசினுக்கு ஒரு கோளாறும் இல்ல!" என்றாள் ரெஜிஷா. "எங்க அம்மைக்க காசு நல்ல காசுன்னு பேரச் சொல்லிச் சொல்லணும். அதும் ஞாயிற்றுக்கிழம வரைக்கும் எங்க அம்ம ஊருக்கெல்லாம் சாளைய ஓசியில குடுக்குமா?"

அவர் என்னவோ சொன்னார், அவள் என்னவோ சொன்னாள். வேளாங்கண்ணி அதற்குக் காத்திருக்கவில்லை. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, சருவத்தைத் தூக்கி ஏற்றினாள். குடத்தை மகளைப் பார்த்துக் காட்டிவிட்டு நடந்தாள். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

"சாளேய்! பெடைக்கிற சாளேய்! மீதிச் சில்லறையும் உண்டு! வேளாங்கண்ணிக்க சில்லறை உண்டு!"

முதலில் போய் நின்றது ஆன்ட்ரூசின் வீட்டு வாசலில். அவர் மனைவி சட்டியோடு வந்தாள். சாளை வாங்கினாள், நோட்டைக் கொடுத்தாள். பழக்க தோஷத்தில், "மீதிக்கு இன்னும் ரெண்டெண்ணம் போட்டுரு" என்றாள்.

"காசுக்குள்ள சாளை தந்தாச்சி" என்றாள் வேளாங்கண்ணி. மீன் கையோடு மீதிக் காசை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

அவர் மனைவி தயங்கி, மிசின் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆன்ட்ரூசைப் பார்த்தார்கள். ரெஜிஷா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பி உடுப்பு நனைவது தெரியாமல் அவர் வாயையே பார்த்து நின்றாள்.

"வாங்கிக்கிடு" என்றார் அவர்.

"கேக்கல்ல மாமா."

"வாங்கிக்கிடுட்டீ! நல்ல காசுதான்!"

அவர் மனைவி வாங்கிக்கொண்டாள். காசை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள். அதைப் பார்க்க வேளாங்கண்ணி அங்கே இல்லை. அடுத்த வாசலுக்குப் போயிருந்தாள்.