கட்டைவிரலில் இருந்த எண்ணெய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு அழுக்குத் துண்டிலிருந்து கிடைத்தது. ஆரம்பத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘எண்பத்தேழாம் வருஷம், ஆனிச் சாரல்...’ என்று ஒன்று. பஞ்சாங்கம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். ‘தாணுவின் சொல்லுக்குத் தென்காசியில் மறுசொல் கிடையாது’ என்று இன்னொன்று. அது இருக்கட்டும், வினையே அதில்தான்.

2

தாணு ரேடியோ ரிப்பேர் கடைக்காரன். ஷார்ஜாவிலிருந்து வந்த மசூது, ஒரு கையில் அடங்குகிற வீடியோ கேமராவை அவன் மேசையில் வைத்தான்.

“அண்ணாச்சி, சோதிச்சுப் பாருங்க. வீட்டு விசேஷம் எடுக்க ஆகும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே என்னயக் கூப்பிடும். திரும்பப் போகாம இங்கனயே பொழைச்சுக்கிடுவேன். எம் பொஞ்சாதி சைதூன் மூணு வருசமா தனியாக் கெடக்கா.”

“குற்றாலத்துக்கே கொண்டு போவோம்லே. அந்தச் சாரல்ல படம் நல்லா விழுந்தா எங்கனயும் விழும்.”

(இந்த இடத்தில் அருவியை வர்ணிக்க வேண்டும். பார்த்தவர்களுக்குத் தேவையில்லை, பார்க்காதவர்களுக்கு நான் எழுதிப் பத்தாது.)

3

இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். தன் எண்ணெய் ஊறட்டும் என்று தாணு கரையில் நின்று படம் எடுத்தான். மசூது அருவிக்கடியில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். அடடா, என்ன சந்தோஷமான நாள் அது! கேமராக் கண்ணாடியில் சாரல் தெறிக்கத் தெறிக்க, தாணு அக்கறையாகக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் கடை டிவியில் போட்டார்கள். அருவி மோர் மாதிரி ஓடியது. மசூதுக்கு முகமே இல்லை. தாணு தாளில் எழுதினான்: ‘கைக்கு லேசு. பேட்டரி முக்கால் மணி நேரம். பேச்சு கேட்கவில்லை, அருவிதான் கேட்கிறது. படம் மங்கல். வீட்டு விசேஷத்துக்கு ஆகாது.’

“அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் பக்கத்துக் கடை நல்லகண்ணு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதையே சொன்னது.

“ஷார்ஜால ஏமாத்திட்டான் போல” என்றான் மசூது. “நீங்களே வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி.”

4

அவன் ஷார்ஜாவுக்கே திரும்பக் கிளம்புகிற காலையில்தான் தாணு கேமராவைத் துண்டால் துடைத்தான். துண்டில் மஞ்சளாக எண்ணெய். கண்ணாடி வழியே எதிர்க்கடைப் பலகை எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். திருவனந்தபுரம் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி, இப்படி மூச்சு வாங்குது? என்னமும் சொல்லணுமா?” ஜன்னலில் மசூது.

தாணு வாயைத் திற—

5

முடிவு ஒன்று: தாணு சொல்கிறான், மசூது பெட்டியோடு குதிக்கிறான். எழுதும்போதே கை கூசியது.

முடிவு இரண்டு: “பாத்துப் போலே” என்கிறான். அவ்வளவுதான்.

தாணு என்று வேறு பெயர் வைத்தால் கூச்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அந்தக் கட்டைவிரல் என்னுடையது. அண்ணாச்சி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஊர் சிரிக்குமே என்கிற பயமும் என்னுடையதுதான்.

இரண்டு வருஷமாகிறது. மசூது அங்கிருந்து பேசி அனுப்புகிற கேசட்டைக் கேட்கும் டேப்ரிக்கார்டரைச் சைதூன் பீவி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாள். சரிபண்ணிவிட்டேன். உள்ளே இருந்த கேசட்டையே சோதிக்கப் போட்டேன். ‘அண்ணாச்சியக் கேட்டதாச் சொல்லு’ என்றான் மசூது. உடனே நிறுத்திவிட்டேன்.

நாளைக் காலை வாங்க வருவாள். இந்தத் தாள்களை டேப்ரிக்கார்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேர்த்துக் கொடுக்கவா, உருவிக்கொள்ளவா, நீங்களே சொல்லுங்கள்.