மிச்சம் நூறு மில்லி

முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

பாட்டிலின் ரப்பர் நுனி உதட்டில் பட்டதும் தலை இடப்பக்கம் திரும்பியது. அவள் பாட்டிலை இடப்பக்கம் கொண்டுபோனாள். தலை வலப்பக்கம் போனது. வயசு ஏழரை மாதம், பல் இரண்டு. ஆனால் பிடிவாதத்தில் ரிட்டையர் ஆகப்போகிற அதிகாரி தோற்றுப்போவார். வீட்டுக்கு வருகிற இரண்டு சம்பளமும் இவருக்காகத்தான் ஓடுகிறது என்பதால் அப்பன் வைத்த பெயர், முதலாளி.

"குடிடா தங்கம். இன்னும் ஒரே ஒரு வாய்."

ஒரே ஒரு வாய் உள்ளே போனது. அதுவும் கன்னத்தில் தங்கி, மெதுவாக வழிந்து, அவள் முழங்கையில் இறங்கியது.

நூற்றைம்பது மில்லியில் ஐம்பது. மிச்சம் நூறு மில்லி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதினாள்: 'மதியம் 3 மணி. பாக்கி 100.' அதற்கு மேலே காலையில் கணவன் எழுதியது: 'பாக்கி 110.' சீட்டு முழுக்கப் பாக்கிதான்.

அவளும் கணவனும் ஒரே இடத்தில் வேலை. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸ். எட்டு மணியிலிருந்து இரண்டு வரை அவள், இரண்டிலிருந்து எட்டு வரை அவன். அங்கே ஷிப்ட் நோட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: முடிந்த வேலையை எழுதாதே, முடியாததை மட்டும் எழுது. ஒரு காலத்தில் ஆளாளுக்குப் பக்கம் பக்கமாகக் கதை எழுதித் தள்ளியதால் சூப்பர்வைசர் போட்ட உத்தரவு. பத்து வருடப் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருந்தது.

போன வெள்ளிக்கிழமை கிளினிக் சிஸ்டர் சொன்னது காதிலேயே நின்றது.

"மூணு வாரமா அதே ஏழு கிலோ நூறு. பால் அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. சாப்பாடு ரெண்டு தடவை போதும், அதுவும் பாலுக்கு அப்புறம். அடுத்த வெள்ளியும் எடை ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துடுவேன். படுக்க வெச்சு ரத்தம் எடுப்பாங்க, டியூப் போட்டுப் பாப்பாங்க."

டியூப். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று செவ்வாய். இடையில் இரண்டே நாள்.

செய்யாத வேலை இல்லை. ரப்பர் நுனி மூன்று சைஸ் மாற்றியாயிற்று. சூடாகக் கொடுத்தாள், ஆறவைத்துக் கொடுத்தாள். திரையை இழுத்துவிட்டு இருட்டில் கொடுத்தாள். பால்கனியில் நின்று பஸ்ஸைக் காட்டிக் கொடுத்தாள். முதலாளி பஸ்ஸை மட்டும் பார்த்தார். வெறுத்துப்போய், வாழைப்பழம் கொஞ்சம் மசித்தாள். பால்தான் இறங்கவில்லை, பிள்ளை வெறும் வயிற்றோடு கிடக்க வேண்டுமா? கரண்டியைக் கண்டதும் வாய் குகை மாதிரி திறந்தது.

"இதுக்கு மட்டும் திறக்குதா? என் மேல உனக்கு என்னடா கோபம்?"

புதன்கிழமை பெரிய மோட்டாரில் பேரிங் போய்விட்டது. பத்தரைக்கு சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பிரிச்சுப் போட்டாச்சும்மா. சாயங்காலம் வரைக்கும் ஓடாது. நீ வீட்டுக்குப் போ. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே அழுகை வருது."

பதினொன்றுக்கு அவள் மாடிப்படி ஏறினாள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கணவனின் குரல் கேட்டது.

"ஆ... அப்படித்தான். அப்பா கிட்டன்னா சமர்த்தா வாங்குவியே."

எட்டிப் பார்த்தாள். முதலாளி நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மோவாய், மூக்கு, புருவம் எல்லாம் ஆரஞ்சு நிறம்.

"இது என்ன?"

"வந்துட்டியா? கேரட். பதினோரு மணி கேரட்."

"பதினோரு மணி கேரட்டுன்னா? அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கா?"

"ஒன்பதுக்கு உருளைக்கிழங்கு. எழுந்த பிள்ளை வெறும் வயித்தோட எப்படி இருப்பான்?"

"வெறும் வயிறா? ஏழு மணிக்கு ஒரு முழு வாழைப்பழத்தை மசிச்சுக் கொடுத்துட்டுத்தானே நான் பஸ் ஏறினேன்? நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

கரண்டி பாதி வழியில் நின்றது. முதலாளி கழுத்தை நீட்டி எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"சீட்டுல எழுதியிருக்கலாம்ல?"

"முடிஞ்சுபோன வேலையை யாராவது எழுதுவாங்களா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. இருவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள். பாக்கி நூறு, பாக்கி நூற்றிப்பத்து, பாக்கி தொண்ணூறு. உள்ளே போனது எதுவும் அதில் இல்லை.

வாசலில் வளையல் சத்தம். கீழ்வீட்டு நாத்தனார், கணவனுக்கு அக்கா. வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை, ஷிப்ட் மாறும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை அவளிடம். கையில் கிண்ணம்.

"என்ன அண்ணி அது?"

"பூசணிக்கா. எப்பவும் ஒண்ணே முக்காலுக்குத்தான் கொடுப்பேன். உன் சத்தம் கேட்டுச்சு, பிள்ளையை எங்கேயாவது தூக்கிட்டுப் போயிடுவியோன்னு முன்னாடியே கொண்டு வந்தேன்."

"தினமுமா கொடுக்கறீங்க?"

"பின்னே? பால் குடிக்காம என் மருமகன் பட்டினி கிடக்கறப்ப நான் மெஷினை மிதிச்சுட்டு உக்காந்திருப்பேனா?"

அவள் விரல் மடக்கினாள். ஏழு மணி, தான். ஒன்பது, அவன். பதினொன்று, அவன். ஒண்ணே முக்கால், அண்ணி. மூன்று மணி, மறுபடியும் தான். ஐந்து. சிஸ்டர் சொன்னது இரண்டு. அந்தச் சின்ன வயிற்றில் கேரட்டும் பூசணியும் காலையிலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் பால் எங்கே போய் நிற்கும்?

"பட்டினியா அண்ணி? ஹோட்டல் நடத்தியிருக்கோம் மூணு பேரும்."

"என்னைச் சேர்க்காதே. நான் ஒரு கிண்ணம்தான்."

"ஆளுக்கு ஒரு கிண்ணம்தான் அக்கா," என்றான் கணவன். "அதுதான் இங்க பிரச்சினையே."

"நீ பேசாதே. ரெண்டு கிண்ணம் உன்னோடது."

அன்று மதியம் பால் மட்டும். முதலாளி அலறிய அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி இரண்டு தடவை படியேறி வந்து, இரண்டு தடவையும் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. அவள் லீவு போட்டிருந்தாள். கிளினிக்.

"டயப்பர் இருக்கட்டுமே சிஸ்டர், குளிரும்," என்றான் கணவன்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். "கழட்டுங்க."

ஏழு கிலோ நூற்றி நாற்பது.

"நாப்பது கிராம். ஒரு தடவை ஒண்ணுக்குப் போனா போச்சு." சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து பெரிய ஆஸ்பத்திரித் தாளை எடுத்தாள்.

கணவன் அவள் காதில் கிசுகிசுத்தான். "ஏதாவது ஜீரணக் கோளாறுன்னு சொல்லு. வேற எதையும் உளறாதே."

அவளுக்கும் வாய் வரவில்லைதான். பெற்றவளுக்கே தன் பிள்ளை எத்தனை தடவை சாப்பிட்டான் என்று தெரியவில்லை. இதை எப்படி வெளியில் சொல்வது? பேனா தாளைத் தொட்டது.

"சிஸ்டர், எழுதாதீங்க. தப்பு பிள்ளை மேல இல்லை. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை சாப்பாடு கொடுத்திருக்கோம்."

"யாரு?"

"நான், இவரு, இவரோட அக்கா. ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது."

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க வேலை பாக்கறீங்க?"

"தண்ணி பம்ப் ஹவுஸ்ல."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

சிஸ்டர் மேஜைமேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"நேத்து பால் எவ்வளவு?"

"நானூத்தி இருபது. அதுக்கு முன்னெல்லாம் முந்நூறைத் தாண்டாது."

பேனாவுக்கு மூடி போட்டாள் சிஸ்டர். "ஒரு வாரம். பால் முதல்ல, சாப்பாடு ரெண்டே தடவை. அடுத்த வெள்ளி எடை ஏறலைன்னா நீங்க என்ன கதை சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிலை எடுத்தாள். முதலாளி பாதி குடித்தார். பிறகு ரப்பர் நுனியை இரண்டு பல்லாலும் கடித்து, துப்பி, கரண்டி எங்கே என்று பையைப் பார்த்து ஓலமிட்டார். நடைபாதையே திரும்பிப் பார்த்தது.

"பசிக்குது போல. வாயில ஏதாவது போடும்மா," என்றார் பக்கத்து பெஞ்ச் பெரியவர்.

கணவனின் கை மெல்லப் பைக்குள் போனது.

"கையை வெளியில எடுங்க."

"ஒரே ஒரு கரண்டி..."

"எடுங்க."

எடுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அழுகிற வாயின் ஓரத்தில் மறுபடியும் பாட்டிலை வைத்தாள்.